மணி ஓய்ந்த கோயில்கள்: கியூபெக் பங்குகளின் கதையும் நமது கணக்கும்



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் கோயில் மூடுவது பற்றியது. கணக்கு எழுதிப் பிழைக்கும் ஒருவன், அதுவும் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், கத்தோலிக்கப் பங்குகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இரண்டு. முதலாவது, இந்த மொன்றியல் தீவில் நம்மவர்கள் கால் ஊன்றிய காலத்தில் நமக்கு இடம் தந்தவை பெரும்பாலும் கோயில் மண்டபங்கள்தான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, ஊர்ச்சங்கக் கூட்டம், பொங்கல் விழா, அந்தியேட்டிச் சாப்பாடு என்று எத்தனையோ காரியங்களைக் கோயில்களின் அடித்தள மண்டபங்களில் நடத்தியிருக்கிறோம். சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்கு இருக்கவில்லை. இரண்டாவது, ஒரு கோயில் மூடப்படுவதற்கு முன் அதன் கணக்குப் புத்தகம் அதைச் சொல்லிவிடும். அந்தப் புத்தகத்தை வாசிப்பது என் தொழில்.

டோர்வலில் இருந்தே தொடங்குவோம். இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் நமக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். 1941 செப்டெம்பரில் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு 2004 தொடக்கத்தில் பியர் எலியற் ட்ரூடோவின் பெயர் சூட்டப்பட்ட பின்பும் நம்மில் பலர் அதை டோர்வல் என்றே சொல்கிறோம். ஆனால் ஊரின் கதை அதைவிட ஏறத்தாழ 275 ஆண்டுகள் பழையது. சென் லூயி ஏரிக்கரையில் சுல்பீசியன் குருமார் ஒரு மறைத்தளத்தைத் தொடங்கிய 1667ஆம் ஆண்டையே நகரம் தன் பிறப்பாண்டாகக் கொள்கிறது. அந்தப் பணியோடு சேர்த்துப் பேசப்படுபவர் பிரான்சுவா டி சலின்யாக் டி லா மொத் ஃபெனலோன் என்ற குரு. பிரான்சின் புகழ்பெற்ற எழுத்தாளரான பேராயர் ஃபெனலோனின் அண்ணன்; தந்தை ஒருவர், தாய் வேறு. அவர்கள் அந்த இடத்துக்கு இட்ட பெயர்களில் ஒன்று 'லா ப்ரெசான்தாசியோன்'. மரியாள் சிறுமியாய் ஆலயத்தில் காணிக்கையாக ஒப்படைக்கப்பட்டதைக் குறிக்கும் பெயர் அது. நமது மொழியில் சொன்னால் 'காணிக்கை மாதா'. 1691இல் ஓர்வால் என்ற பிரெஞ்சு ஊரைச் சேர்ந்த ஜான் பப்திஸ்ட் பூஷார் இந்த நிலத்தை வாங்கினார். 'ஓர்வாலைச் சேர்ந்தவர்' என்ற அடைமொழியே டோர்வல் ஆயிற்று.

இங்கு குடியேறியவர்கள் நெடுங்காலம் பூசைக்கு வேறு பங்குகளுக்கே போனார்கள். கிழக்கே லஷீன் பங்கு 1676இலும், மேற்கே புவான்ற் கிளேர் பங்கு 1713இலும் தொடங்கியவை. டோர்வல் 1892இல் தனிக் கிராமமாகி, 1895இல் தனிப் பங்கும் ஆனது. பங்குக்குச் சூட்டிய பெயர் பழைய மறைத்தளத்தின் பெயரேதான். கோயில் நிற்கும் வீதியின் பெயர் அவெனு டு லெக்லீஸ், அதாவது கோயில் வீதி. ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு வீதி என்பது யாழ்ப்பாணத்தவனுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு.

பங்கு என்றால் என்ன?

கியூபெக்கில் பங்கு என்பது பூசைக்குக் கூடும் இடம் மட்டுமல்ல. அது ஊர் நிருவாகத்தின் ஓர் அலகு. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பங்குப் பதிவேடுதான் பதிந்தது. 1993 முடியும் வரை ஞானஸ்நானப் பதிவே பிறப்புச் சான்றாகச் செல்லுபடியானது. 1994 தொடக்கத்தில்தான் அரசு அந்த வேலையை முழுமையாகத் தன் கையில் எடுத்தது. பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். நம்மவர் பிள்ளைகள் 1980களில் 101ஆம் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனபோது, அவற்றுள் பல கத்தோலிக்கப் பள்ளிச் சபைகளின் கீழ் இருந்தன. நெற்றியில் திருநீறு பூசிய பிள்ளை கத்தோலிக்கப் பாடசாலையில் பிரெஞ்சு படித்த காலம் அது. 1998இல்தான் பள்ளிச் சபைகள் மத அடிப்படையில் இருந்து மொழி அடிப்படைக்கு மாறின.

பங்கின் சொத்தும் கணக்கும் 'ஃபப்ரிக்' எனப்படும் ஒரு சபையிடம் இருக்கும். தலைவர், பங்குத்தந்தை, பங்கு மக்கள் தெரிவு செய்யும் ஆறு பொறுப்பாளர்கள் ஆகியோர் சேர்ந்தது அது. இந்தப் பொறுப்பாளர்களைப் பிரெஞ்சில் 'மர்கிலியே' என்பார்கள். நமது ஊர்க் கோயில்களில் மூப்பர் என்று சொல்வோமே, ஏறத்தாழ அவர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலம் தொட்டு வந்த இந்த முறைக்கு 1965இல் புதிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஃபப்ரிக் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் போட வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குக் காட்ட வேண்டும். கோயிலை விற்க ஆயரின் அனுமதி பெற வேண்டும்.

வருமானம் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் விவசாயி தன் தானியத்தில் 26இல் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பின்னாளில் குடும்பங்கள் கோயிலில் தமக்கென இருக்கை வாடகைக்கு எடுத்தன. இன்று இருப்பது உண்டியலும், மனம் வைத்துக் கொடுக்கும் ஆண்டுக் கொடையும்தான். ஜேர்மனியில் உள்ளதுபோல் அரசு அறவிட்டுக் கொடுக்கும் திருச்சபை வரி இங்கு இல்லை. ஆகவே ஆட்கள் குறைந்தால் வரவும் குறையும்.

கோயில்கள் பெருகிய காலம்

மொன்றியல் நகரம் முழுவதும் நெடுங்காலம் ஒரே பங்காக இருந்தது என்றால் நம்புவீர்களா? நோத்ர் டாம்தான் அந்தப் பங்கு. 1829இல் திறக்கப்பட்டு இன்றும் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் அந்தப் பெருங்கோயில், ஒரு முழு நகரத்துக்கும் ஒரே பங்குக் கோயிலாகக் கட்டப்பட்டது. 1840 முதல் 1876 வரை ஆயராக இருந்த இஞ்யாஸ் பூர்ஜே அந்தப் பங்கைப் பல துண்டுகளாகப் பிரித்தார். சுல்பீசியன் குருமார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. பூர்ஜேதான் வென்றார். அதன்பின் நகரம் வளர வளர ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு பங்கு, ஒவ்வொரு பங்குக்கும் கல்லாலான ஒரு கோயில் என்று எழும்பின. இங்கு எந்தப் பக்கம் கல் எறிந்தாலும் ஒரு கோயில் யன்னல் உடையும் என்று 1881இல் மொன்றியலுக்கு வந்த மார்க் ட்வைன் கேலி செய்தார்.

மொழிக்கு ஒரு கோயிலும் தோன்றியது. அயர்லாந்துக்காரருக்கு 1847இல் சென் பற்றிக். இத்தாலியருக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்மேல் மாதா, பிறகு 'மடோனா டெல்லா டிஃபேசா'. பின்னையதன் கூரை ஓவியத்தில் குதிரைமேல் முசோலினி அமர்ந்திருப்பதை இன்றும் காணலாம். வந்தேறிகளுக்குக் கோயில் எவ்வளவு தூரம் ஊர் அரசியலின் இடமாகவும் இருந்தது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

சரிவு எப்படி வந்தது?

1959இல் பிரதமர் டுப்ளெசி இறந்தார். 1960 ஜூனில் ஜான் லெசாஜின் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. 'அமைதிப் புரட்சி' என்று சொல்லப்படும் காலம் அது. 1961இல் அரச வைத்தியசாலைக் காப்புறுதி, 1964இல் கல்வி அமைச்சு என்று, அதுவரை குருமாரும் கன்னியரும் செய்துவந்த வேலைகளை அரசு ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. 1950களில் கியூபெக் கத்தோலிக்கரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஞாயிறு பூசைக்குப் போனார்கள் என்பது ஆய்வாளர் கணிப்பு. 2000களில் அது பத்துக்கு ஒன்றிலும் கீழே போய்விட்டது. ஐரோப்பாவில் இரண்டு நூற்றாண்டு எடுத்த மாற்றம் இங்கு ஒரு தலைமுறையில் முடிந்தது.

இனி எனது தொழில் மொழியில் சொல்கிறேன். செலவில் இரண்டு வகை உண்டு. ஆள் எண்ணிக்கையோடு கூடிக் குறைவது ஒன்று. என்ன நடந்தாலும் மாறாதது மற்றது. கோயிலின் செலவு ஏறத்தாழ முழுவதும் இரண்டாவது வகை. ஆயிரம் பேர் அமரும் கல் மண்டபத்தை மாசி மாதக் குளிரில் சூடாக்குவதற்கு, உள்ளே 40 பேர் இருந்தாலும் 400 பேர் இருந்தாலும் ஒரே அளவு எண்ணெய்தான் எரியும். செப்புக் கூரை ஒழுகுவதும், கோபுரக் கல் தளர்வதும், காப்புறுதிக் கட்டணம் ஏறுவதும் ஆளைப் பார்த்து வருவதில்லை. வரவோ ஆளோடு மட்டுமே வருகிறது.

நான் ஒரு தமிழ்ச் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்த ஆண்டுகளில் மண்டப வாடகை பேசுவதற்காக ஒரு பங்கு அலுவலகத்துக்குப் போய் வருவேன். அந்தப் பங்கின் ஆண்டுக் கணக்கு வாசலில் ஒட்டியிருக்கும். தொழில் பழக்கம், நின்று வாசிப்பேன். முதல் ஆண்டு உண்டியல் வரவு பெரிது, மண்டப வாடகை சிறிது. சில ஆண்டுகளில் இரண்டும் இடம் மாறின. அதன்பிறகு 'சேமிப்பிலிருந்து எடுத்தது' என்ற வரி புதிதாக வந்தது. ஐந்தொகையில் கோயில் கட்டடம் பெரிய சொத்தாகவே நின்றது. ஆனால் விற்க முடியாத, வாடகைக்கு விட முடியாத, திருத்தாமல் விடவும் முடியாத சொத்தைக் கணக்காளன் என்ன பெயரால் அழைப்பது? பெறுமானத் தேய்வை நாம் ஓர் எண்ணாக எழுதுகிறோம். அங்கே அது கூரையிலிருந்து சொட்டியது.

மூடுவதற்கும் ஒரு முறை உண்டு

ஒரு பங்கை நிறுவவும், குலைக்கவும், மாற்றவும் அதிகாரம் மறைமாவட்ட ஆயருக்கு மட்டுமே உண்டு என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 515ஆம் பிரிவு. அதற்கு முன் அவர் குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். பங்கை மூடுவது வேறு, கோயில் கட்டடத்தை வழிபாட்டிலிருந்து விலக்குவது வேறு. பின்னையதைச் சொல்வது 1222ஆம் பிரிவு: தக்க கடும் காரணம் இருந்தால் கோயிலை உலகப் பயன்பாட்டுக்கு விடலாம், ஆனால் இழிவான பயன்பாட்டுக்கு விடக்கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று 2013இல் வத்திக்கான் தனி வழிகாட்டல் வெளியிட்டது. இரண்டு பங்குகள் ஒன்றாகும்போது பங்கின் சொத்தும் கடனும் மக்களோடு சேர்ந்து புதிய பங்குக்குப் போகும்.

நடைமுறையில் இது படிப்படியாக வருகிறது. முதலில் ஒரு குருவானவர் இரண்டு பங்கைப் பார்ப்பார். பிறகு பூசை ஒன்றுவிட்ட ஞாயிறு ஆகும். பிறகு 'பங்குகளின் கூட்டு'. பிறகு இணைப்பு ஆணை. கடைசியாக ஒரு நன்றிப் பூசை. அன்று மட்டும் கோயில் நிறையும். கலியாணம் முடித்துப் போன பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். மறுநாள் நற்கருணைப் பேழை வெறுமையாகும், பதிவேடுகள் பெட்டியில் ஏறும்.

2003இல் கியூபெக் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சபைகளையும் சேர்த்து 2,751 வழிபாட்டு இடங்கள் பதிவாகின. அதன் பின்னான இருபது ஆண்டுகளில் அவற்றில் ஏறத்தாழ நாலில் ஒன்று மூடப்பட்டோ, விற்கப்பட்டோ, வேறு பயன்பாட்டுக்கு மாறியோ, இடிக்கப்பட்டோ போயின. சின்ன இத்தாலியில் சென் ஜான் டு லா குருவா கோயில் அடுக்குமாடி வீடுகளானது. மைல் எண்டில் அங்கிலிக்கன் கோயில் ஒன்று 1993இல் நூலகமாகி இன்று மோர்டெகாய் ரிச்லரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷெர்புறூக் வீதியின் புரட்டஸ்தாந்துக் கோயிலொன்று 2011இல் நுண்கலைக் காட்சியகத்தின் இசை மண்டபமானது. வில் எமாரில் ஒரு கோயில் நாடக அரங்கு.

எல்லாரும் அமைதியாக விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பொஸ்ரன் பேராயம் 2004இல் ஒரே வேளையில் அறுபதுக்கு மேற்பட்ட பங்குகளை மூட முடிவெடுத்தது. சிற்றுவேற் என்ற கடலோர ஊரின் கபிரினி கோயில் மக்கள் வெளியேற மறுத்து, முறை வைத்து, இரவும் பகலும் கோயிலுக்குள்ளேயே இருந்தார்கள். 2004 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் காவல் 2016 மே வரை, 11 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்த பிறகே வெளியேறினார்கள். ஒரு கட்டடத்துக்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் காத்தது தாங்களே ஒரு கூட்டமாக இருப்பதை என்றுதான் நான் பதில் சொல்வேன்.

நமது ஊரில் மூடிய கோயில்கள்

கோயில் மூடுவது நமக்குப் புதிதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள், குருமாரை வெளியேற்றினார்கள், கோயில்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து சுமார் 20 குடும்பங்கள் மாதா சுரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போயின. அவர்கள் தங்கிய மருதமடுதான் இன்றைய மடு. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் மறைவாக வந்து சேரும்வரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் குருவானவர் இல்லை. கோயில் இல்லை, குரு இல்லை, சட்டமும் எதிர். பங்கு மட்டும் இருந்தது. செபம் சொல்லிக் கொடுத்தும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தும் அதைக் காப்பாற்றியவர்கள் பொதுமக்களே. வாஸ் அடிகள் அந்த மக்களிடையே மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் கொண்டு பங்குகளை மீண்டும் ஒழுங்குபடுத்தினார். 2015 ஜனவரியில் கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நமது காலத்திலும் பார்த்தோம். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது சைவக் கோயிலும் வேதக் கோயிலும் ஒன்றாகவே வேலிக்குள் அகப்பட்டன. டோர்வலின் காணிக்கை மாதாவைச் சொன்னேனே, மயிலிட்டியிலும் ஒரு காணிக்கை மாதா கோயில் உண்டு. அந்தத் துறைமுகப் பகுதி 2017 யூலையில், 27 ஆண்டுகளின் பின் விடுவிக்கப்பட்டது. 1995 யூலை 9இல் நவாலி சென் பீற்றர்ஸ் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் மடு மாதா சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், அதே ஆண்டு ஓகஸ்ற்றில் திரும்பியது.

இந்த இரண்டு வகை மூடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கோயிலை மூடியவன் வெளியாள். மக்கள் வேலிக்கு வெளியே காத்திருந்தார்கள். அகதி முகாமில் பிறந்த பிள்ளைக்கும் அந்தக் கோயிலின் பெயர் தெரியும். ஆகவே வேலி விலகியதும் போக ஆள் இருந்தது. இங்கே யாரும் மூடச் சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே வர ஆள் இல்லை. குண்டு விழுந்த கோயிலைத் திரும்பக் கட்டியிருக்கிறோம். ஆள் இல்லாமல் மூடிய கோயிலைத் திறப்பதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

நமது கணக்கு

1983 யூலைக்குப் பிறகு நம்மவர் வருகை பெருகியது. 1986 ஓகஸ்ற்றில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்நாட்களில் கடல் கடந்த விமானங்கள் மிராபெலில்தான் இறங்கின; ஆகவே பலருடைய முதல் கியூபெக் மண் மிராபெல். கோட் டெ நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் எனத் தொடங்கி இன்று தீவின் மேற்குப் புறம் வரை பரந்திருக்கிறோம்.

தமிழ்க் கத்தோலிக்கருக்கு மொன்றியலில் நோத்ர் டாம் டு லா டெலிவ்ரான்ஸ் என்ற பெயரில் ஒரு மறைத்தளம் உண்டு. விடுவிக்கும் அன்னை என்று பொருள். அயர்லாந்துக்காரருக்கும் இத்தாலியருக்கும் அன்று கிடைத்த அதே ஏற்பாடுதான்: எல்லையால் அன்றி மொழியால் அமைந்த கூட்டம். கோடையில் றிகோ மலையடியில் லூர்து மாதா தலத்துக்கு நம்மவர் யாத்திரை போகிறார்கள். 1874இல் லுட்ஜே போசே என்ற சகோதரர் ஒரு சிறு சுரூபத்தை வைத்துத் தொடங்கிய இடம் அது. இன்று அங்கே போகும் தமிழரில் சைவரும் நிறைய. மடுவுக்குப் போன கால்கள் றிகோவைக் கண்டுபிடித்துக்கொண்டன. சென் ஜோசப் ஒறற்றறியின் படிகளிலும் அப்படித்தான். 2010இல் புனிதரான சகோதரர் ஆந்த்ரே 1904இல் சிறு கோயிலாகத் தொடங்கிய இடம். டோர்வலுக்குப் பக்கத்திலே டொலார் டெ ஓர்மோவில் 2006இல் குடமுழுக்குக் கண்ட திருமுருகன் கோயிலும் நமது உழைப்பின் சாட்சி.

ஆகவே நமக்கு எல்லாம் நிறைவு என்று நினைக்கலாம். திருவிழா நாளில் கார் நிறுத்த இடமில்லை. ஆனால் 1955இல் ஒரு கியூபெக் பங்குத்தந்தையிடம் உங்கள் கோயில் மூடப்படும் என்று சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். அவருக்கும் ஞாயிறு நிற்க இடமில்லைதான்.

திருவிழாக் கூட்டத்தை வைத்து ஒரு கோயிலின் நலனை அளக்கக் கூடாது. நான் ஒரு கணக்கைப் பார்க்கும்போது மூன்று விடயங்களை முதலில் பார்ப்பேன். கொடுப்பவர்களில் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் எத்தனை பேர்? நிருவாக சபையில் கடந்த ஐந்து ஆண்டில் புதிதாக வந்த பெயர் எத்தனை? திருத்த வேலைக்கென்று தனியே வைத்த பணம் உண்டா, அல்லது கூரை ஒழுகிய பிறகுதான் உண்டியல் தூக்குகிறோமா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், கூட்டம் சிறிதானாலும் பயமில்லை. பதில் இல்லையென்றால், கூட்டம் பெரிதானாலும் அது கடன் வாங்கிய கூட்டம்.

மொழியும் இதற்குள் அடங்கும். இங்கு பிறந்த பிள்ளை பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் சிரித்து, அம்மாவோடு மட்டும் தமிழ் பேசுகிறது. தமிழ்ப் பூசையும் தேவாரமும் அந்தப் பிள்ளைக்கு விளங்காவிட்டால், மறைத்தளமும் மன்றமும் நமது தலைமுறையோடு முடியும். இதற்குப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. மூப்பர் வேலையை அவர்களிடம் எப்போது கொடுக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. கணக்குப் புத்தகத்தை 60 வயதில் கைமாற்றினால், வாங்குகிறவருக்கும் 58 வயதாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நமது மறைத்தளமும், நமது சங்கங்கள் பலவும் மற்றவர் கூரையின் கீழ் இருப்பவை. அந்தக் கூரைக்குரிய பங்கு மூடப்பட்டால் மலிவான மண்டபமும் போகும். சந்தை விலைக்கு மண்டபம் எடுத்துத் தமிழ் வகுப்பு நடத்த எத்தனை சங்கங்களால் முடியும்? ஆகவே பக்கத்துப் பங்கின் கணக்கு நமது கணக்கும்தான். வாடகை கொடுத்துச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதோடு நில்லாமல், அவர்களுடைய ஆண்டுக் கூட்டம் எப்போது, கூரை எந்த நிலை என்று கேட்டு வைக்கலாம். கத்தோலிக்க நேயர்கள் தாம் வாழும் இடத்துப் பங்கின் ஃபப்ரிக் தேர்தலிலும் நிற்கலாம். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு.

கடைசியாக ஓர் இடத்தைச் சொல்கிறேன். நேரம் கிடைத்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நகர மையத்துக்குத் தெற்கே கிறிபின்ரவுண் பகுதியில் அயர்லாந்துத் தொழிலாளர் 1854இல் கட்டிய சென் ஆன் கோயில் இருந்தது. பட்டினிக்கும் நோய்க்கும் தப்பி வந்த ஏழைகளின் கோயில். பிள்ளைகள் படித்தார்கள், நல்ல வேலை எடுத்தார்கள், வேறு இடங்களில் வீடு வாங்கினார்கள். மாநகரம் அந்தப் பகுதியைத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கியது. 1970இல் கோயில் இடிக்கப்பட்டது. இன்று அங்கே ஒரு சிறு பூங்கா. கோயிலின் அத்திவாரக் கற்கள் புல்லுக்கு மேலே தெரிகின்றன. பூங்கா வாங்குகள் கோயில் இருக்கைகளைப் போலவே, பீடம் இருந்த திசையைப் பார்த்தபடி வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன.

அவர்களுடைய கதையில் நமது கதைக்கு ஒத்து வராதது எது என்று அந்த வாங்கில் இருந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் எண்ணங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். கேள்வி நேரத்தில் பேசுவோம்.